பெரிய எழுத்தில் ஜனநாயகம்

வாசகரே, இன்று உங்களுக்கு ஓர் இனத்தை அறிமுகம் செய்துவைக்கிறேன். எளிதாக்குவோர் என்று பெயர். கொம்பு கிடையாது, வால் கிடையாது. கழுத்தில் கயிறு கட்டிய மூக்குக்கண்ணாடியும் தோளில் ஒரு துணிப்பையும் மட்டும் உண்டு. பைக்குள் சுவரில் ஒட்டும் பெரிய தாள் ஒரு சுருள், நான்கு தடித்த பேனாக்கள், பச்சை, ஆரஞ்சு, நீலம் என்று மூன்று நிறங்களில் ஸ்டிக்கர் பொட்டுகள். இவர் ஒரு கதவைப் பார்த்தால் அதன் வழியே உள்ளே போகமாட்டார். முன்னால் நின்று, "பாவம், இந்தக் கதவு மக்களுக்கு எவ்வளவு சிரமமாக இருக்கும்" என்று வருத்தப்படுவார். கதவு திறந்துதான் கிடக்கும். மக்கள் போய்வந்துகொண்டுதான் இருப்பார்கள். இவர் அவர்களை ஓரமாக நிற்கச் சொல்லிவிட்டு, கதவைச் சாத்தி, அளந்து, படம் வரைந்து, அதைப் பற்றி ஆறு பேரிடம் கருத்துக் கேட்டு, அந்த ஆறு கருத்தையும் சுவரில் ஒட்டி, கடைசியில் "எல்லோருக்கும் எளிதாக்கும் பணி நடக்கிறது, பொறுத்தருள்க" என்று ஒரு பலகையை மாட்டிவிட்டு வீட்டுக்குப் போவார். பலகை பெரிய எழுத்தில் இருக்கும்.

இந்த இனம் பள்ளிக்கூடத்தில் உண்டு, ஆஸ்பத்திரியில் உண்டு, நாலு பேர் கூடும் எல்லாக் கமிட்டியிலும் உண்டு. ஆனால் அது கொழுத்து வளரும் மேய்ச்சல் நிலம் ஜனநாயகம்தான். அதிலும் நான் முப்பத்தோரு வருடமாக மருந்துக்கடை வைத்திருக்கும் சுவிஸ் நாட்டு ஹாஸ்லிமோஸ் போன்ற ஓர் ஊர் கிடைத்துவிட்டால் கேட்கவே வேண்டாம். எங்களுக்கு மனு என்றால் உயிர். பசுவுக்கு மணி கட்ட ஒரு மனு, அந்த மணி தூக்கத்தைக் கெடுக்கிறது என்று அவிழ்க்க ஒரு மனு. ஊராட்சி எடுத்த முடிவு பிடிக்கவில்லையா? அறுபது நாளுக்குள் ஊர்க்காரர்கள் இருநூறு பேரிடம் கையெழுத்து வாங்கி ஊராட்சி அலுவலகத்தில் கொடுத்தால் போதும். ஊர்ச்சபை கூடி அதன்மேல் வாக்கெடுத்தே தீரவேண்டும், அதுவரை அந்த முடிவு அமலுக்கு வராது. இதற்கு வேண்டியது ஒரு தாள், ஒரு பேனா, ஆட்கள் வந்துபோகும் ஒரு மேசை. இதற்குமேல் இதில் எளிதாக்க என்ன இருக்கிறது என்று நீங்கள் கேட்கலாம். அப்படிக் கேட்பவர்களுக்கு அல்வின் ஹெகியைத் தெரியாது.

ஹெகி ஒரு காப்பீட்டு நிறுவனத்தில் இருபத்தெட்டு வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அங்கே அவர் இருந்தது பாலிசியின் பின்பக்கத்துப் பொடி எழுத்துகளைத் தயாரிக்கும் பிரிவு. வெள்ளத்தில் கூரை போனவன் நஷ்டஈடு கேட்டு வந்தால், "பதினேழாவது பத்தியைப் படிக்கவில்லையா?" என்று அவனைத் திருப்பி அனுப்பும் எழுத்துகள் உண்டல்லவா, அவைதான். பொடி எழுத்தில் பிழைத்தவருக்கு ஓய்வுகாலத்தில் பெரிய எழுத்தின்மேல் காதல் வந்துவிட்டது. "படியில்லா ஜனநாயகம்" என்று ஒரு குழுவை ஆரம்பித்தார். மக்களைத் தயங்க வைக்கும் எதையும் அவர் படி என்பார். நீளமான வாக்கியம் ஒரு படி. தேதி எழுதும் கட்டம் ஒரு படி. மேசை ஒரு படி, ஆகவே அவர் கூட்டத்தில் மேசை கிடையாது. எல்லோரும் வட்டமாக உட்கார்ந்து, காப்பிக் கோப்பையை மடியில் வைத்துத் தொடையைச் சுட்டுக்கொள்ள வேண்டும். எங்கள் பக்கத்தில் இருபது வருடம் அடுத்தடுத்த வீட்டில் இருந்தாலும் "நீங்கள்" என்றுதான் பேசுவோம், பெயருக்கு முன்னால் திருவுக்கு ஹெர், திருமதிக்கு ஃப்ராவ் என்று சேர்ப்போம். ஒருநாள் வயதில் மூத்தவர் ஒயின் கோப்பையை உயர்த்தித் தன் முதற்பெயரைச் சொல்ல வேண்டும், அதன் பிறகுதான் "நீ". ஹெகிக்கு அதுவும் ஒரு படி. கை குலுக்கும்போதே "நான் அல்வின், நீ?" என்பார். இத்தனை படிகளையும் இடித்துத் தள்ளும் அவருடைய கூட்டம் நடக்கும் இடம் பழைய தானியக் கிடங்கின் மாடி. அதற்குப் பதினான்கு மரப்படிகள், செங்குத்தாக.

அவர் யாரையும் மறுத்துப் பேசமாட்டார். அது அவருடைய கொள்கை. நீங்கள் எழுந்து, "இதெல்லாம் எதற்கு?" என்று கேட்டால், முகம் மலர்ந்து, "அருமையான கேள்வி, குறிச்சுக்குவோம்" என்பார். சுவரில் "காத்திருக்கும் கேள்விகள்" என்று தலைப்பிட்ட ஒரு தாள் இருக்கும், அதில் உங்கள் கேள்வியைப் பெரிதாக எழுதுவார். நீங்களும் ஏதோ சாதித்துவிட்ட திருப்தியோடு உட்கார்ந்துவிடுவீர்கள். எட்டு வருடத்தில் அந்தத் தாளை விட்டு ஒரு கேள்வியும் வெளியே வந்ததில்லை.

இத்தனை ஏளனமாகப் பேசுகிறாயே, நீ எப்படி அந்தக் குழுவில் உறுப்பினன் ஆனாய் என்கிறீர்களா? ஹெகியின் வீட்டில் பிளம் பழத்தை அடுக்கி ஒரு கேக் சுடுவார்கள். ஒவ்வொரு கூட்டத்துக்கும் அது வரும். வேறு காரணம் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது.

இனி விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் ஊருக்கு மேலே மலைச்சரிவில் பதினெட்டு வீடுகள் உள்ள ஒரு குடியிருப்பு உண்டு. மஞ்சள் பஸ் மேலே ஷூர்மாட் நிறுத்தம்வரை போய்த் திரும்பி வரும். ஒரு வருடம் ஏப்ரல் கடைசியில் எங்கள் ஊராட்சி, பயணிகள் போதவில்லை என்று சொல்லி, டிசம்பரில் புதிய கால அட்டவணை வரும்போது பஸ்ஸை அடிவாரத்தோடு நிறுத்திவிட முடிவெடுத்தது. போதாத அந்தப் பயணிகளில் ஒருவர் கீடோ புகேலி. நாற்பத்தொன்பது வயது, பிறவியிலேயே பார்வை கிடையாது. பள்ளத்தாக்கில் உள்ள முதியோர் இல்லத்தில் தொலைபேசிக்குப் பதில் சொல்லும் வேலை. "ஹலோ" என்ற ஒரு சொல்லை வைத்தே எந்தக் கிழவருடைய எந்த மகள் பேசுகிறாள் என்று சொல்லிவிடுவார். அவருடைய அக்கா தெரேஸ் எங்கள் ஊர் ரொட்டிக்கடையில் விற்பனை செய்கிறார். இருவரும் அப்பா கட்டிய வீட்டில் இருந்தார்கள். காலை நாலரைக்கே தெரேஸின் மொபெட் கீழே இறங்கிவிடும், ஆகவே அவரால் தம்பியைக் கொண்டுபோய் விட முடியாது. கீடோ ஆறு ஐம்பத்திரண்டு பஸ்ஸில் முதல் இருக்கையில் உட்காருவார். நடைபாதை இல்லாத வளைவுச் சாலையில் வெள்ளைக்கோலைத் தட்டிக்கொண்டு நாலு கிலோமீட்டர் நடக்க முடியாது. பஸ் நின்றால் அவர் ஒன்று வேலையை விடவேண்டும், அல்லது வீட்டை விடவேண்டும். இதை யாருக்கும் படம் வரைந்து விளக்க வேண்டியதில்லை.

தெரேஸ் நேராக ஊராட்சிச் செயலர் ஃப்ராவ் அம்ரைனிடம் போய் மனுத்தாளின் மாதிரியை வாங்கிவந்தார். சாம்பல் நிறத் தாள், நெருக்கமான எழுத்து. மேலே கோரிக்கை, நடுவில் மனுக்குழுவினர் ஏழு பேருடைய பெயரும் முகவரியும், அடியில், "பிறர் பெயரில் கையெழுத்திடுவது தண்டனைக்குரிய குற்றம்" என்று ஒரு வரி.

"இந்த மூணும் இருக்கணும், ஃப்ராவ் புகேலி. மத்தபடி நீங்க அது மேல ரொட்டி மாவே தடவிக் குடுத்தாலும் எனக்குக் கவலையில்ல" என்றாராம் ஃப்ராவ் அம்ரைன்.

மாவு படத்தான் செய்தது. தாளை ரொட்டிக்கடை மேசையில் வைத்தார் தெரேஸ். மீதிச் சில்லறை வாங்கிய கையோடு ஊர் கையெழுத்தும் போட்டது. பதினாறு நாளில் இருநூற்று முப்பத்தொன்று. யாரும் வட்டமாக உட்காரவில்லை, யாரும் யாருடைய கருத்தையும் சுவரில் ஒட்டவில்லை. கதவு திறந்துகிடந்தது, மக்கள் போனார்கள், வந்தார்கள். அந்த நேரம் பார்த்து ஒரு சனிக்கிழமை காலை, ஹெகி பின்னல் ரொட்டி வாங்க வந்தார். நான் அவருக்குப் பின்னால் வரிசையில் நின்றிருந்தேன்.

"என்ன தெரேஸ் இது, இவ்ளோ பொடி எழுத்து?"

"மனு, ஹெர் ஹெகி."

"அல்வின்னு சொல்லு."

"சரிங்க, ஹெர் ஹெகி."

"இத வயசானவங்க எப்படிப் படிப்பாங்க?"

"படிக்க மாட்டாங்க. என்னன்னு எங்கிட்ட கேப்பாங்க. கீடோவோட பஸ்ஸுக்குன்னு சொல்லுவேன். போட்டுட்டுப் போவாங்க."

ஹெகியின் முகம் வாடிவிட்டது. உண்மையாகவே வாடியது. அதுதான் இந்த இனத்திடம் உள்ள ஆபத்து, அவர்கள் நடிப்பதில்லை. "அப்படின்னா அவங்க பங்கேற்கல, தெரேஸ். கையெழுத்து மட்டும்தான் போட்டிருக்காங்க" என்றார்.

"கையெழுத்துதானே கேக்கறாங்க? திங்கக்கெழம கொண்டுபோய்க் குடுத்துடலாம்னு இருக்கேன்."

"அவசரப்படாத. இருநூறு கேக்கற எடத்துல இருநூத்தி முப்பது குடுத்தா ஊராட்சிக்கு என்ன பயம் வரும்? நான் ஒரு ஃபாரம் செஞ்சு தரேன். எல்லாருக்கும் புரியற மாதிரி. ஐநூறு வரும். இன்னும் ஆறு வாரம் இருக்கு."

காலை நாலரையிலிருந்து நின்ற கால். எதிரில் இருப்பவரோ படித்த மனிதர், சட்டத்தோடு இருபத்தெட்டு வருடம் குடித்தனம் நடத்தியவர். தெரேஸ் சரி என்று தலையாட்டினார். "திங்கட்கிழமையே கொடுத்துவிடு தெரேஸ்" என்று சொல்ல எனக்கும் வாய் இருந்தது. என் முறை வந்தபோது "ரெண்டு வெண்ணெய் ரொட்டி" என்றுதான் சொன்னேன்.

மூன்று சனிக்கிழமைகள் கூட்டம் நடந்தது, பிற்பகல் இரண்டு மணிக்கு. ரொட்டிக்கடை சனிக்கிழமை நாலு மணிக்குத்தான் மூடும் என்பதையும், ஆகவே மனுவின் சொந்தக்காரி பாதிக் கூட்டம் முடிந்த பிறகுதான் வரமுடியும் என்பதையும் யாரோ சொன்னார்கள். அது அருமையான கேள்வியாகக் கருதப்பட்டுக் குறித்துக்கொள்ளப்பட்டது. கீடோ மட்டும் முதல் கூட்டத்துக்குச் சரியான நேரத்தில் வந்தார். பதினான்கு படிகளையும் எண்ணிக்கொண்டே ஏறிவந்து, வட்டத்தில் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். ஹெகி ஒவ்வொருவர் கையிலும் ஸ்டிக்கர் பொட்டுகளைக் கொடுத்தார். பழைய மனுத்தாளைப் பெரிதாக்கிச் சுவரில் ஒட்டியிருந்தது. எந்த வரி நம்மை வரவேற்கிறதோ அதில் பச்சைப் பொட்டு, எந்த வரி படியாக இருக்கிறதோ அதில் ஆரஞ்சு, எந்த வரி உணர்ச்சியைத் தூண்டுகிறதோ அதில் நீலம்.

கீடோ தன் உள்ளங்கையைத் தடவிப் பார்த்தார். "இதுல எது எந்தக் கலர்?"

"அருமையான கேள்வி, கீடோ. குறிச்சுக்குவோம்." பேனா தாளில் கீச்சிட்டது.

"பெருசா எழுதினியா, அல்வின்?"

"ரொம்பப் பெருசா."

"எவ்ளோ பெருசு? நீ வீட்டு சைசுக்கு எழுதினாலும் எனக்கு ஒண்ணுதான்."

எல்லோரும் சிரித்தோம். ஹெகியும் சிரித்தார். சிரித்துவிட்டு, அந்த வரிக்கு ஒரு நீலப் பொட்டும் ஒட்டினார். கீடோ தன் பொட்டுகளைக் கேக் தட்டின் அடியில் ஒட்டிவிட்டு எனக்காக வந்த துண்டையும் சேர்த்துச் சாப்பிட்டார். அந்தக் குழுவில் அன்று உருப்படியாக ஏதாவது செய்தவர் அவர் ஒருவர்தான்.

தண்டனை வரியில் ஏழு ஆரஞ்சுப் பொட்டுகள் விழுந்தன. அதில் ஒன்று என்னுடையது. "குற்றம்" என்ற சொல் எனக்கே கொஞ்சம் கடுமையாகப் பட்டது. நாலரைக்கு முழங்கைவரை மாவோடு மேலே ஏறிவந்த தெரேஸ், மூச்சு வாங்கிக்கொண்டு சுவரைப் பார்த்தார்.

"அந்த வரிய எடுக்கலாமாங்க? மூணும் இருக்கணும்னு ஃப்ராவ் அம்ரைன் சொன்னாங்களே."

"தெரேஸ், கையெழுத்துப் போட வர்றவங்கள வாசல்லயே ஜெயிலு, குத்தம்னு மிரட்டினா யாரு வருவா?"

"இருநூத்தி முப்பத்தோரு பேரு வந்தாங்களே."

"வராதவங்கள நெனச்சுப் பாரு" என்றார் ஹெகி, கனிந்த குரலில். வராதவர்களை நினைத்து நாங்கள் ஒரு நிமிடம் மௌனமாக இருந்தோம். வராதவர்கள்தான் இந்த இனத்தின் உண்மையான மக்கள். வந்தவர்களால் அவர்களுக்கு எப்போதும் தொல்லைதான், வந்தவர்கள் ஏதாவது கேட்டுக்கொண்டே இருப்பார்கள்.

இப்படி மூன்று சனிக்கிழமைகளில் மனு எளிதாகியது. மனுக்குழுவினர் ஏழு பேருடைய பெயரும் முகவரியும் ஆதிக்கத் தோரணையாக இருப்பதால் நீக்கப்பட்டு, அந்த இடத்தில் கைகோத்துச் சிரிக்கும் ஏழு வட்ட முகங்கள் வந்தன. "ஷூர்மாட் வரை பஸ் தொடர வேண்டும்" என்ற கோரிக்கையில், ஊருக்குப் புதியவர்களுக்கு இடப்பெயர் ஒரு படி என்பதால் அது போனது. "வேண்டும்" என்பது அதிகாரமாக ஒலித்ததால் அதுவும் போனது. கடைசியில் ஒரு சூரியன், சூரியனுக்குக் கீழே ஒரு மஞ்சள் பஸ், பஸ்ஸுக்குக் கீழே "நாம் எல்லோரும் போய்ச்சேர்வோம்" என்று பெரிய எழுத்தில் ஒரு வாக்கியம். அழகாகத்தான் இருந்தது. இல்லை என்று சொன்னால் பொய்.

ஒரு சிக்கல் மிச்சம் இருந்தது. ஒரே மனுவில் ஒருவர் இரண்டு தடவை கையெழுத்திட்டால் செல்லாது. புதிய தாளில் எல்லோரும் மறுபடி போடவேண்டும் என்றால் பழைய தாள் இருக்கக்கூடாது. ஹெகி அதையும் தானே பொறுப்பாக ஏற்றுக்கொண்டார். ஊர்க்காரர்களின் பெயர் விவரம் யார் கையிலும் சிக்கக்கூடாது என்று இருநூற்று முப்பத்தொரு கையெழுத்துகளையும் நீளவாக்கில் கிழித்து, பழைய செய்தித்தாள்களுக்கு நடுவில் வைத்து, குறுக்கும் நெடுக்குமாகச் சணல் போட்டுக் கட்டி, ஊராட்சி வண்டி காகிதம் எடுக்க வரும் நாளன்று வாசலில் வைத்தார். எங்கள் ஊரில் காகிதக் கட்டை எப்படிக் கட்டுகிறான் என்பதை வைத்துத்தான் ஒருவனுக்குப் பெண் கொடுப்பார்கள். அந்தக் கட்டு அப்பழுக்கில்லாமல் இருந்தது.

புதிய தாளுக்கு முந்நூற்றுப் பதினெட்டு கையெழுத்துகள் விழுந்தன. என் மருந்துக்கடையில் மட்டும் நாற்பது. ஹெகி பூரித்துப்போனார். உடனே கொடுத்துவிடலாம் என்று தெரேஸ் இரண்டு தடவை கேட்டார். ஆனால் வட்டாரச் செய்தித்தாளின் புகைப்படக்காரருக்குக் கடைசி நாளான ஜூன் இருபத்தொன்பதாம் தேதி காலை பதினொரு மணிக்குத்தான் நேரம் இருந்தது. நண்பகலோடு கெடு முடிகிறது. பதினொன்றுக்குப் போனால் ஒரு மணி நேரம் இருக்கிறதே, தாளைக் கையில் கொடுக்க ஒரு மணி நேரமா வேண்டும் என்றார் ஹெகி. அன்று ஊராட்சி அலுவலகத்துக்கு டை கட்டி வந்திருந்தார்.

புகைப்படம் எடுத்தார்கள். ஃப்ராவ் அம்ரைன் தாளை வாங்கி முன்பக்கம் பார்த்தார். பின்பக்கம் பார்த்தார். மறுபடி முன்பக்கம்.

"தண்டனை வரி எங்க?"

"அது ஒரு படி, எடுத்துட்டோம்."

"மனுக்குழு பேரு?"

"இதோ, இந்த முகங்க."

"இதுல நீங்க யாரு, ஹெர் ஹெகி?"

"எடது பக்கத்துலேருந்து ரெண்டாவது. அதாவது, அது ஒரு குறியீடு."

"சரி. என்ன கேக்கறீங்கன்னு எங்க போட்டிருக்கு?"

"சூரியனுக்குக் கீழ."

ஃப்ராவ் அம்ரைன் கண்ணாடியைக் கழற்றினார். "இது நல்லா இருக்கு, ஹெர் ஹெகி. சுவத்துல மாட்டலாம். மனுன்னு என்னால வாங்கிக்க முடியாது. இது என் இஷ்டம் இல்ல, சட்டம்."

தெரேஸ் கேட்டார்: "பழைய தாளுங்க செல்லுங்களா?"

"தாராளமா செல்லும், ஃப்ராவ் புகேலி. கொண்டாங்க. பன்னெண்டு மணி வரைக்கும் இங்கதான் இருக்கேன்."

தெரேஸ் ஹெகியைப் பார்த்தார். ஹெகி என்னைப் பார்த்தார். நான் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். பதினொன்று இருபது. "ரொம்ப ஒழுங்காத்தான் கட்டி வெச்சேன்" என்றார் ஹெகி, மெதுவாக.

தெரேஸ் அலமாரியிலிருந்து நிரப்பாத சாம்பல் மனுத்தாள்களை எடுத்து, கோரிக்கையையும் ஏழு பெயர்களையும் ஃப்ராவ் அம்ரைனின் மேசையிலேயே நின்றபடி எழுதி, நகல் எடுத்துக்கொண்டு ஓடினார். ஐம்பத்தாறு வயதுப் பெண், ரொட்டிக்கடை மேலங்கியோடு, நடுத் தெருவில் ஓடினார். முடிதிருத்தகத்தில் நுரையோடு உட்கார்ந்திருந்தவரிடம் வாங்கினார், தபால்காரரிடம் வாங்கினார், மதிய உணவுக்கு வீட்டுக்குப் போகும் மரப்பட்டறைக்காரர்களை மறித்து வாங்கினார். நானும் ஓடினேன், என்னால் எட்டுதான் முடிந்தது. ஹெகி அலுவலக வாசலில் நின்று, பங்கேற்புக்குச் சட்டமே எப்படித் தடையாக இருக்கிறது என்று புகைப்படக்காரரிடம் விளக்கிக்கொண்டிருந்தார். தேவாலயத்து மணி பன்னிரண்டு அடித்து ஓயும்வரை ஃப்ராவ் அம்ரைன் கதவைத் திறந்தே பிடித்துக்கொண்டிருந்தார். எண்ணிப் பார்த்தபோது எழுபத்தொன்று இருந்தது. முப்பத்தைந்து நிமிடத்தில் எழுபத்தொன்று. இந்தப் பெண்ணுக்குப் போய் ஜனநாயகத்தை எளிதாக்கினோமே என்று எனக்கு என்மேலேயே அருவருப்பாக இருந்தது.

டிசம்பர் இரண்டாம் ஞாயிற்றுக்கிழமை புதிய கால அட்டவணை வந்தது, பஸ் அடிவாரத்தோடு நின்றது. கீடோ மூன்று வாரம் யார் யாருடைய காரிலோ போய்ப் பார்த்தார். இரண்டு நாள் நடந்தும் பார்த்தார். இரண்டாம் நாள் பால் வண்டி ஒன்று வளைவில் அவர் கைக்கோலை உரசிவிட்டுப் போனது. ஜனவரியில் முதியோர் இல்லத்தின் மூன்றாம் மாடியில் ஊழியருக்கான ஓர் அறையை எடுத்துக்கொண்டார். வேலையை வைத்துக்கொண்டு வீட்டை விட்டார். அவர் பெட்டியைக் கொண்டுபோய் இறக்கியது என் காரில்தான். வழியெல்லாம் வேடிக்கையாகவே பேசிவந்தவர், கார் மலைச்சாலையின் கடைசித் திருப்பத்தில் இறங்கியபோது மட்டும், "இங்கதான் டிரைவர் கியர் மாத்துவார். அந்தச் சத்தம் கேட்டா ஊரு வந்துடுச்சுன்னு அர்த்தம்" என்றார்.

ஹெகி என்ன செய்தார் என்கிறீர்களா? மதிப்பீட்டுக் கூட்டம் கூட்டினார். "நாம நிறையக் கத்துக்கிட்டோம்" என்றார். அவர்கள் எப்போதும் நிறையக் கற்றுக்கொள்வார்கள். கல்விக் கட்டணத்தை வேறு யாராவது கட்டுவார்கள். சட்டமே படியாக நிற்கும்போது அந்தச் சட்டத்தைத்தான் இடிக்க வேண்டும் என்று, மனு கொடுக்கும் முறையை எளிதாக்கக் கோரி ஒரு மனுவைத் தயார் செய்தார். பெரிய எழுத்து, படங்கள், சிரிக்கும் முகங்கள் எல்லாவற்றையும் இனி ஊராட்சி ஏற்க வேண்டும் என்பது கோரிக்கை. கையெழுத்துக்காக அந்தத் தாளை என் கடைக்கு எடுத்துவந்தபோது நான் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தேன். சாம்பல் நிறம், நெருக்கமான எழுத்து. கோரிக்கை, ஏழு பெயர் ஏழு முகவரி, அடியில் தண்டனை வரி, ஒரு புள்ளி குறையாமல்.

"அல்வின், இது பழைய ஃபாரம் ஆச்சே. உன் சூரியன் எங்க?"

"இது முக்கியமான விஷயம்பா" என்றார் ஹெகி. "இதுல போய் ரிஸ்க் எடுக்க முடியுமா?"

அவர் முகத்தில் கள்ளம் துளியும் இல்லை. நான் பேனாவை எடுத்தேன். போட்டீர்களா என்று கேட்காதீர்கள்.

மார்ச் மாதத்து ஒரு மாலை, ஏழரை மணிக்கு ஊர்ச்சபை கூடி அதன்மேல் வாக்கெடுத்தது. வந்திருந்தவர்கள் அறுபத்திரண்டு பேர். மேல் குடியிருப்பிலிருந்து தெரேஸ் மட்டும் மொபெட்டில் வந்து கடைசி வரிசையில் குளிர்க்கோட்டைக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தார். மற்றவர்கள் வரவில்லை, பஸ் இல்லை. மக்கள் பங்கேற்பை எல்லோருக்கும் எளிதாக்கும் தீர்மானம் ஐம்பத்தெட்டுக்கு நாலு என்று நிறைவேறியது. கைதட்டினார்கள். வழக்கம்போல் ஊராட்சிச் செலவில் வெள்ளை ஒயினும் பாலாடைக்கட்டியும் வந்தன. ஹெகி இரண்டு கோப்பைகளை எடுத்துக்கொண்டு கடைசி வரிசைக்குப் போனார்.

"தெரேஸ், பாத்தியா. இனிமே உன்ன மாதிரி ஆளுங்களுக்கு ரொம்பச் சுலபம்."

"எதுங்க, ஹெர் ஹெகி?"

"மனு குடுக்கறது."

"என்ன கேட்டு?"

ஹெகி முகம் மலர, "அருமையான கேள்வி" என்று சொல்லிவிட்டு, இரண்டு கையிலும் கோப்பை இருந்ததால், பேனாவை எப்படி எடுப்பது என்று சுற்றுமுற்றும் பார்த்தார். தெரேஸ் அந்தக் கோப்பையை வாங்கவில்லை. தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

வாசகரே, இவ்வளவு நேரம் சிரித்துக்கொண்டே வந்திருப்பீர்கள். ஹெகியைப் போல நாலு பேரை நினைத்தும் பார்த்திருப்பீர்கள், அதில் உங்கள் பெயர் இருந்திருக்காது. ஒரு சின்னப் பரீட்சை வைக்கிறேன். ஸ்டிக்கர் பொட்டுகள் என்னென்ன நிறம்? சரி. கூட்டம் நடந்த மாடிக்கு எத்தனை படி? சரிதான். கேக்கில் என்ன பழம்? அடேயப்பா, நல்ல ஞாபகம் உங்களுக்கு. இப்போது, கீடோ தினமும் காலையில் பஸ் ஏறிய அந்த நிறுத்தத்தின் பெயரைச் சொல்லுங்கள், மேலே போய்ப் பார்க்காமல்.

வரவில்லையா? பரவாயில்லை. தோளில் ஏதோ கனமாக இருக்கிறதே என்று தோன்றினால், அது துணிப்பையாகத்தான் இருக்கும்.